தேய்ந்த புஷ்ஷை மட்டும் மாற்றுவதா, லோவர் ஆர்மையே மாற்றுவதா?

வாகனக் கேள்வி பதில்

அண்மையில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பல, ஒரே விடயத்தைப் பற்றியே கேட்டிருந்தன. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி திறக்கப்பட்டது. விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று எண்ணியிருந்தவர்கள்கூட அந்த இடைவெளியில் பழைய காரையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். இறக்குமதி திறந்த பிறகு விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. அந்தக் கார்களின் ரப்பர் பாகங்களுக்கு இப்போது நன்றாகவே வயதாகிவிட்டது. ஆகவே இம்முறை வேறு கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்மையும் அதன் ரப்பர் புஷ்களையும் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னுடையது 2004 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121. பிரேக் பிடிக்கும்போதும், ஒழுங்கையிலிருந்து பின்னால் எடுத்துக் காலி வீதிக்குத் திரும்பும்போதும் முன்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. ஒரு கராஜில் இரண்டு லோவர் ஆர்மையும் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். மற்றொரு கராஜில் புஷ் மட்டும் அடித்தால் போதும் என்கிறார்கள். இரண்டு தொகைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது, ஐயா. யாரை நம்புவது?
– எஸ்.கே., வெள்ளவத்தை

பதில்: இருவரும் நேர்மையாகவே சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் குமிழ் மூட்டான போல் ஜொயின்டை ஆட்டிப் பார்த்ததாகவோ, ஆர்மின் இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொன்னதாகவோ உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவை இரண்டையும் பார்க்காமல் சொல்லப்படுவது ஆலோசனை ஆகாது, ஊகம்தான்.

லோவர் ஆர்ம் என்பது சக்கரத்தின் அடிப்பகுதியைக் காரின் உடலோடு பிணைத்து வைத்திருக்கும் இரும்புக் கை. அது உள்பக்கம் இரண்டு புஷ்களிலும் வெளிப்பக்கம் ஒரு போல் ஜொயின்டிலும் நிற்கிறது. புஷ் என்று நாம் சொல்வது, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு உலோகக் குழாய்களுக்கு நடுவே சூடாக்கி ஒட்டப்பட்ட ரப்பர். முன்புஷ் சக்கரத்தைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கிறது. பின்புஷ் அளவில் பெரியது. பள்ளத்தில் விழும்போது சக்கரம் முன்பின்னாகச் சற்று இசைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அது மென்மையாகச் செய்யப்படுகிறது. அதனால் பெரும்பாலும் முதலில் கிழிவதும் அதுதான். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி இழுபடும். பின்னால் எடுத்துப் பிரேக் பிடித்தால் முன்னோக்கி இழுபடும். கிழிந்த ரப்பருக்குள் உள்குழாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் மோதுவதைத்தான் நீங்கள் 'டொக்' என்று கேட்கிறீர்கள் என்பது என் எண்ணம்.

எண்ணத்தை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் செலவில் இறங்க வேண்டாம். வளைவில் கார் சாயாமல் தடுக்கும் கம்பியின் முனையிலுள்ள ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்தாலும் சத்தம் வரும், ஆனால் அது ஒரு சக்கரம் மட்டும் சிறு குழியில் இறங்கும்போது 'கட கட' என்று தொடர்ந்து வரும். பிரேக்கோடு வருவது அரிது. அதை மாற்றும் செலவு மிகக் குறைவு என்பதால், முதலில் அதைப் பார்த்து விலக்கிவிடுவது நல்லது. பிறகு ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி வைத்து, டயருக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பின்புஷ்ஷைப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் எல்லாப் பழைய புஷ்ஷிலும் இருக்கும். அதை மட்டும் காட்டிப் பயமுறுத்துபவருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சில புஷ்களில் பிறை வடிவத்தில் இரண்டு இடைவெளிகள் தயாரிப்பிலேயே விடப்பட்டிருக்கும். அவற்றையும் கிழிசல் என்று எண்ணிவிடக் கூடாது. நகம் உள்ளே போகும் அளவுக்குப் பிளவு இருந்தால், ரப்பர் உலோகத்தை விட்டுக் கழன்றிருந்தால், நடுவில் நிற்க வேண்டிய உள்குழாய் ஒரு பக்கம் சரிந்து கிடந்தால், புஷ் முடிந்துவிட்டது. மெக்கானிக் ஒரு நீண்ட லீவரை வைத்து ஆர்மை நெம்பும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல புஷ் கொஞ்சம் இசைந்து உடனே பழைய இடத்துக்கு வரும். கெட்டுப்போனது தொளதொளவென்று நகரும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொரோலா 121 இல் போல் ஜொயின்ட் தனிப் பாகமாக ஒரு போல்டாலும் இரண்டு நட்டாலும் ஆர்மோடு பூட்டப்பட்டிருக்கிறது. அது தேய்ந்திருந்தாலும் தனியாகக் கழற்றி மாற்றலாம். அதற்காக முழு ஆர்மையும் வாங்க வேண்டியதில்லை. ஆகவே மிஞ்சுவது ஆர்மின் இரும்புதான். வெள்ளவத்தையில் கடற்காற்றிலேயே கார் நிற்கிறது என்பதால், தகடுகள் ஒன்றுசேரும் ஓரங்களையும் நீர் தேங்கும் அடிப்பள்ளத்தையும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று சத்தம் வந்து, செதில் செதிலாக எதுவும் உதிராமலும், நடைபாதைக் கல்லில் மோதிய வளைவு எதுவும் இல்லாமலும் இருந்தால், அந்த ஆர்மை எறிவதற்குக் காரணம் இல்லை. நல்ல நிறுவனத்தின் நான்கு புஷ்களை வாங்கி, ஹைட்ரோலிக் பிரஸ்ஸில் ஏற்றிப் பூட்டுங்கள் என்பதுதான் என் முடிவு.

முழு ஆர்மைப் பரிந்துரைக்கும் வெளிநாட்டு வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நாடுகளில் மெக்கானிக்கின் ஒரு மணித்தியாலக் கூலி பாகத்தின் விலையை விழுங்கிவிடும். பழைய புஷ்ஷை வெளியே தள்ளிப் புதியதை ஏற்றும் நேரத்தில் முழு ஆர்மையே மாற்றிவிடுவது அவர்களுக்கு லாபம். இங்கே நிலைமை தலைகீழானது. கொழும்பில் பாகத்தின் விலைதான் கூடுதல், கூலி ஒப்பீட்டளவில் குறைவு. எனவே இரு கராஜ்களிலும் மொத்தத் தொகையைக் கேட்காமல், பாகம், கழற்றிப் பூட்டும் கூலி, பிரஸ் கூலி, வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்து எழுதத் தயங்குபவரிடம் காரை விட வேண்டாம்.

ஆனால் சில கார்களில் அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தை இறக்கினால்தான் ஆர்மின் போல்ட் வெளியே வரும். அப்படிப்பட்ட காரில் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய நேர்ந்தால், சேமித்தது எல்லாம் கூலியாகப் போய்விடும். அங்கே மட்டும், நல்ல தரமான முழு ஆர்ம் கிடைத்து, கையில் பணமும் இருந்தால் நான் தடுக்க மாட்டேன். 'நல்ல தரமான' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பளபளக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்த மலிவான ஆர்ம்களில் இரும்பு பெரும்பாலும் பரவாயில்லாமல் இருக்கும். புஷ்ஷும் போல் ஜொயின்டும்தான் மிக மட்டமாக இருக்கும். எதைப் புதுப்பிப்பதற்காகப் பணம் கொடுக்கிறீர்களோ, அதிலேயே அவர்கள் கைவைத்திருப்பார்கள். மலிவான புது ஆர்மைவிட, தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய ஆர்மில் ஏற்றிய நல்ல புஷ் எனக்கு மேல்.

கேள்வி: ஏழு மாதங்களுக்கு முன் இரண்டு பக்கமும் லோவர் ஆர்ம் புஷ்களை மாற்றினேன். அதுவும் ஜப்பான் ஒரிஜினல். இப்போது முன்புஷ் இரண்டும் கிழிந்துவிட்டன. போலிச் சாமான் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன்; அவர் இல்லை என்கிறார். புஷ் மாற்றுவதே வீண் வேலை என்று இப்போது தோன்றுகிறது.
– ஆர்.எம்., கொட்டாஞ்சேனை

பதில்: கடைக்காரர் சொல்வது உண்மையாக இருக்கவும் கூடும். போலிச் சாமான் கொழும்பில் இல்லாமலில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே காலத்தில், அதுவும் முன்புஷ் மட்டும் கிழிந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது அதைப் பூட்டிய முறையைத்தான்.

நான் முன்னே சொன்னபடி, புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டப்பட்டது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது அது உள்ளே வழுக்குவதில்லை, முறுகுகிறது. போல்டை இறுக்கியதும் உள்குழாய் சட்டத்தோடு அசையாமல் பிணைந்துவிடும். அந்தக் கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை. கராஜில் காரை ஜாக்கில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்டை இறுக்கிவிட்டால், ரப்பரின் ஓய்வு நிலை தொங்கும் கோணமாகிவிடும். காரைக் கீழே இறக்கியவுடன் அது முறுகி நிற்கும். வீட்டு வாசலில் கார் சும்மா நின்றுகொண்டிருக்கும் இரவிலும் அந்த ரப்பர் முறுகியபடியே இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு வேகத்தடையும் இன்னும் முறுக்கும். எவ்வளவு நல்ல ரப்பரும் இதைத் தாங்காது. போல்ட் கிடையாகச் செல்லும் புஷ்களுக்கே இந்தத் தண்டனை முழுதாகக் கிடைக்கும்; பல கார்களில் முன்புஷ் அந்த வகைதான்.

சரியான முறை எளிது. எல்லா போல்டுகளையும் கையால் முறுக்கி விட்டு, காரைச் சக்கரத்தில் இறக்கி, இரண்டு மூன்று தடவை முன்பக்கத்தை அமுக்கி விட்டு, காருக்குக் கீழே உள்ள பிட் என்னும் குழிக்குள் இறங்கி நின்று இறுதியாக இறுக்க வேண்டும். பிட் இல்லாத கராஜில், ஆர்மின் வெளி முனைக்குக் கீழே இன்னொரு ஜாக்கை வைத்து, காரின் பாரம் அதன் மேல் வரும் வரைக்கும் உயர்த்தி இறுக்கலாம். இதற்கு மேலதிகமாகப் போவது ஒரு தேநீர் குடிக்கும் நேரம். முழு ஆர்ம் மாற்றினாலும் இதே விதிதான். அதிலும் புஷ் இருக்கிறதே. ஆகவே முழு ஆர்ம் போட்டிருந்தாலும் உங்களுக்கு இதே ஏழு மாதம்தான் கிடைத்திருக்கும்.

என் சொந்தக் காரிலும் ஒருமுறை ஏமாந்தேன். பழக்கமான கராஜ் என்பதால் காரைக் காலையில் விட்டுவிட்டு அலுவலகம் போய்விட்டேன். மாலையில் எடுத்து வரும்போது சத்தம் இல்லை, ஆனால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் வரைக்கும் அடி ஏறியது. அடுத்த நாள் வேறிடத்தில் தூக்கிப் பார்த்தபோது, பின்புஷ்ஷின் பிறை இடைவெளிகள் ஒரு பக்கத்தில் முன்பின்னாகவும் மறுபக்கத்தில் குறுக்காகவும் திரும்பி இருந்தன. புஷ்ஷின் ஓரத்தில் வார்ப்பிலேயே ஒரு சிறு அடையாளக் கோடு உண்டு. அதை ஆர்மிலுள்ள இடத்தோடு பொருத்தி ஏற்ற வேண்டும். மெக்கானிக் அதைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டார். ஆர்மின் வளையத்தில் சுத்தியல் அடிபட்ட பள்ளங்களும் இருந்தன. பிரஸ் இல்லாமல் அடித்தே ஏற்றியிருக்கிறார். 'புஷ் அடிப்பது' என்ற நம் ஊர்ப் பேச்சை அவர் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார் போலும். வளையம் நெளிந்ததால் அந்த ஆர்மை நான் எறிய வேண்டி வந்தது. அன்று முதல், பழைய புஷ்ஷை வெளியே தள்ளுவதற்கு முன் அது இருக்கும் திசையைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்கிறேன்.

கடைக்காரரோடு சமாதானம் ஆகிவிடுங்கள். அடுத்த முறையும் அவரிடமே வாங்கலாம். மாற்ற வேண்டியது கராஜை.

கேள்வி: பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த லோவர் ஆர்ம் கிடைக்கிறது. புது ஆர்மின் விலையில் ஒரு பகுதிதான். புஷ்ஷும் போல் ஜொயின்டும் அதோடு சேர்ந்தே வருகின்றன. வாங்கலாமா?
– ஒரு வாசகர், மருதானை

பதில்: இரும்புக்காக வாங்கலாம், ரப்பருக்காக வாங்கக் கூடாது. அந்த ஆர்ம் உங்கள் காரின் வயதையொத்த இன்னொரு காரிலிருந்து கழற்றப்பட்டது. அதன் புஷ்ஷும் உங்களுடையதைப் போலவே முதிர்ந்ததுதான். ஜப்பானின் நல்ல வீதிகளில் ஓடியதால் கிழிசல் குறைவாகத் தெரியலாம், ஆனால் ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் காற்றிலேயே இறுகும். உங்கள் ஆர்ம் வளைந்தோ துருவேறியோ போயிருந்தால், பாவித்ததை வாங்கிப் புதுப் புஷ் ஏற்றிக்கொள்வது நல்ல கணக்கு. வாங்கும்போது உங்கள் பழைய ஆர்மையும் எடுத்துப்போய், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் துளைகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கழிக்கப்பட்ட கார்களில் விபத்தில் சிக்கியவையும் உண்டு. பனி பெய்யும் பகுதிகளில் வீதிக்கு உப்பிடுவார்கள் என்பதால், சில ஆர்ம்கள் நம் கடற்கரைக் கார்களைவிட மோசமாகத் துருப்பிடித்திருக்கும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால், எதை மறைக்கிறார்கள் என்று சுரண்டிப் பார்ப்பதில் தவறில்லை.

கேள்வி: என் சிறிய காரில் போல் ஜொயின்ட் ஆடுகிறது என்று சொன்னார்கள். அது லோவர் ஆர்மோடு சேர்ந்தே வருவதால் முழு ஆர்மையும் மாற்ற வேண்டுமாம். சத்தம் பெரிதாக இல்லை. போன மாதம்தான் புகைப் பரிசோதனையிலும் சித்தியடைந்தது. சம்பளம் வரும் வரை இரண்டு மாதம் தள்ளிப்போடலாமா?
– ஒரு வாசகி, தெஹிவளை

பதில்: தள்ளிப்போட வேண்டாம், சகோதரி. புகைப் பரிசோதனை புகையைத்தான் பரிசோதிக்கிறது. அதைக் காட்டி எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் காரின் கீழே உள்ள போல் ஜொயின்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிழிந்த புஷ் சத்தம் போடும், டயரின் உள்ஓரத்தைத் தின்னும், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். பெரும்பாலும் நிறைய முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் கெடும். போல் ஜொயின்ட் அப்படியல்ல. அதன் குமிழ் கிண்ணத்தை விட்டுக் கழன்றால், சக்கரம் அந்தக் கணமே வெளிப்பக்கமாக மடங்கும், ஸ்டியரிங் பயனற்றுப் போகும். பழைய போல் ஜொயின்டைத் தட்டி இறுக்கித் தருகிறோம் என்றோ, லேத் கடையில் வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்றோ யாராவது சொன்னால், அந்த இடத்திலிருந்து வந்துவிடுங்கள். இந்த ஒன்றில் முழு ஆர்ம் சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆடும் பக்கத்தை இப்போதே மாற்றுங்கள். மற்றப் பக்கத்தின் ரப்பர் உறை கிழியாமல், ஆட்டமும் இல்லாமல் இருந்தால், அதைச் சம்பளம் வந்த பிறகு பார்க்கலாம்.

கேள்வி: பொலியூரித்தேன் புஷ் போட்டால் வாழ்நாள் முழுதும் மாற்றத் தேவையில்லை என்கிறார்களே?
– டி.வி., வத்தளை

பதில்: அது ரப்பரைவிடக் கடினமானது, எண்ணெய்க்கும் அவ்வளவு இளகாது. ஆனால் அது குழாயோடு ஒட்டப்படாமல் அதன் மேல் சுழல்கிறது. அதனால் உரிய கிரீஸ் காய்ந்தவுடன் கதவுக் கீல் போலக் கிறீச்சிடும். வீதியின் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடத்தையும் இருக்கை வரை கொண்டுவந்து சேர்க்கும். பந்தயத்துக்கு ஓட்டுபவருக்கு அது பிடிக்கலாம். காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு அலுவலகம் போகும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவிய பிறகு, துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பகுதி முழுதும் எண்ணெய் அடிக்கிறார்கள். புஷ்களுக்கும் இது நல்லதுதானா?
– எம்.ஜே., மட்டக்குளி

பதில்: இரும்புக்கு நல்லது, ரப்பருக்குக் கெடுதல். புஷ்களில் பெரும்பாலும் இயற்கை ரப்பரையே பயன்படுத்துகிறார்கள்; மீண்டும் மீண்டும் முறுகினாலும் எளிதில் கிழியாத தன்மை அதற்கு உண்டு. கம்பஹாவின் ஹேனரத்கொட பூங்காவில் 1876 இல் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய மரத்தின் பால்தான் இது என்பதால், நமக்கு அதன் மேல் கொஞ்சம் உரிமைகூட உண்டு. ஆனால் கனிம எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊதி, இளகி, நாளடைவில் பிசுபிசுத்துப்போகும். எஞ்சினிலிருந்தோ பவர் ஸ்டியரிங்கிலிருந்தோ கசியும் எண்ணெய் ஒரு பக்கத்துப் புஷ்ஷில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் மட்டும் விரைவில் கெடுவதற்கு அதுவே காரணம். கசிவை நிறுத்தாமல் புதுப் புஷ் போடுவதில் பயனில்லை. எண்ணெய் அடிக்கும் முன், ஆர்மின் இரு முனைகளையும் விட்டுவிட்டு அடிக்கும்படி சொல்லுங்கள். கழிவு ஒயிலோ டீசலோ கலந்து அடிக்கும் இடமாக இருந்தால், அடிக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: இடப்பக்கப் புஷ் மட்டும்தான் கிழிந்திருக்கிறது. வலப்பக்கத்தையும் மாற்ற வேண்டுமா? வீல் அலைன்மென்ட் கட்டாயமா?
– பி.எஸ்., பம்பலப்பிட்டி

பதில்: எண்ணெய்க் கசிவோ மோதலோ காரணமாக ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பக்கம் போதும். வயதால் கெட்டிருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கத்துக்காகச் சில மாதங்களில் கூலியையும் மறுபடி கொடுப்பீர்கள். அலைன்மென்ட் கட்டாயம். புஷ்ஷோ ஆர்மோ எதை மாற்றினாலும் சக்கரம் நிற்கும் இடம் சில மில்லிமீற்றர் நகரும். முதலில் அலைன்மென்ட் செய்துவிட்டுப் பிறகு புஷ் மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பணம் வீண். வேலை முடிந்ததும், கோணத்தைச் சரிசெய்வதற்கு முந்திய அளவும் பிந்திய அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். புதுப் புஷ் போட்ட பிறகும் இடப்பக்கக் கேம்பர் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) எண் வலப்பக்கத்தோடு ஒத்துவராவிட்டால், வளைந்திருப்பது ஆர்மா, ஷொக் அப்சோபரா, அல்லது சட்டமா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டிவரும். அந்தத் தாள் கையில் இருந்தால், தேடத் தொடங்குபவருக்குப் பாதி நாள் மிச்சம்.